மணியடித்த பசுவும் மனுக்கொடுத்த பாட்டாளியும்

மனுநீதிச் சோழன் கதை நாமெல்லாம் பள்ளிக்கூடத்திலே படித்த கதை. திருவாரூர்த் தேர்வீதி, இளவரசன் ஓட்டிவந்த தேர், சக்கரத்தில் சிக்கி மடிந்த கன்று, அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணி, அதைக் கொம்பினால் அசைத்த தாய்ப்பசு. மன்னன் வந்தான், நீதி வழங்கினான் என்று கதை முடிகிறது. கதைதான்! பகுத்தறிவு பேசுகிறவன் பசு மணியடித்ததை நம்புகிறானா என்று எவரும் என்மீது பாய வேண்டாம். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்றே ஒன்று. மணியோசை கேட்டு வெளியே வந்த மன்னன், நீ பதிவு பெற்ற பசுவா, உன் பெயர் எந்தப் பேரேட்டில் இருக்கிறது, அந்தப் பெயரை வைத்துக்கொள்ள உனக்கு அனுமதி கொடுத்தது யார் என்றெல்லாம் கேட்கவில்லை. அழுகுரல் கேட்டது; வந்தான். அவ்வளவே!

அந்தச் சோழனுக்குச் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே சிலை இருக்கிறது. 2024-ஆம் ஆண்டிலே அதே வளாகத்துக்குச் சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரு மனு போயிற்று. தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்பதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் செய்து குவிக்கும் கரங்கள் கொடுத்த மனு. பொன் கேட்டார்களா? பொருள் கேட்டார்களா? எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள், நாங்கள் வைத்த பெயரை ஏட்டிலே எழுதுங்கள் என்று கேட்டார்கள். 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்' என்ற பெயர். அந்த முதற்சொல்தான் தொல்லையாயிற்று!

ஆங்கிலத்தில் 'அப்பீல்' என்று ஒரு சொல். நம் ஊர்த் தேநீர்க்கடை வரைக்கும் வந்து குடியேறிவிட்ட சொல். கீழ்க்கோர்ட்டில் தோற்றவன் மேல்கோர்ட்டுக்குப் போனால் அது அப்பீல். தலைவர் மேடையேறி, வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு வாரி வழங்குங்கள் என்று கேட்டால் அதுவும் அப்பீல். வணிகன் ஒரு பொருளைப் பளபளவென்று காட்டி, இது இல்லாத வீடும் ஒரு வீடா என்று நம்மையே நாணவைக்கிறானே, அந்த இழுப்புக்கும் பெயர் அப்பீல்! தமிழ் இந்த மூன்றையும் ஒரே கூடையில் போட்டுக் குலுக்கவில்லை. மேல்முறையீடு, வேண்டுகோள், கவர்ச்சி என்று தனித்தனியே வைத்திருக்கிறது. முறையிடுகிறவன் கீழே நிற்கிறான். வேண்டுகிறவன் எதிரே நிற்கிறான். கவர்கிறவனோ எங்கே நிற்கிறான் என்று தெரிவதற்குள் நம் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலிமனையில் கிரிக்கெட் ஆடும் இளந்தோழர்கள், நான்காவது அப்பீலை விட்டுவிட்டாயே என்பார்கள். விடவில்லை, தம்பி! மட்டைக்காரன் உண்மையிலேயே அவுட்டாகி இருந்தாலும், பந்து போட்ட பக்கத்திலிருந்து எவனும் கேட்காவிட்டால் நடுவர் அவுட் கொடுக்கக்கூடாது. அந்த ஆட்டத்தின் 31-ஆம் விதி அது. கேட்டால்தான் தீர்ப்பு. கேட்பதற்கு மட்டும் எவனும் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

விளம்பரக்காரனும் யாரிடமும் அனுமதி வாங்குவதில்லை. பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போய்ப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று வழிநெடுகப் பெயர்கள், பெயர்கள், பெயர்கள்! கொரியாவின் பெயர், ஜப்பானின் பெயர், தைவானின் பெயர். வீடு திரும்பினால் தொலைக்காட்சியில் அதே பெயர்கள் சிரிக்கின்றன. குழந்தை பின்தங்கிவிடும் என்று தாய்க்கு அச்சம் காட்டுவது ஒரு கவர்ச்சி. பக்கத்து வீட்டில் வந்துவிட்டது என்று பொறாமையைச் சுரண்டுவது ஒரு கவர்ச்சி. திரை நட்சத்திரத்தின் முகத்தைக் காட்டி அந்த முகத்தின் மதிப்பைப் பொருளின்மேல் பூசுவது இன்னொரு கவர்ச்சி. இத்தனைக்கும் அடியில் கிடக்கும் அடித்தளம் பெயர். பெயரை நம்பித்தான் தவணைமுறையில் கடன்பட்டாவது வாங்குகிறான் நம் ஆள்.

அந்தக் குரலுக்குச் சட்டத்தின் காவலும் உண்டு. மஞ்சள் பக்கங்கள் எனப்படும் விளம்பரத் தொகுப்பை அச்சிட்டது பற்றிய டாடா பிரஸ் வழக்கில், 1995-ஆம் ஆண்டு, வணிக விளம்பரமும் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தரும் பேச்சுரிமையைச் சேர்ந்ததே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொய் விளம்பரத்துக்கு அந்தக் காவல் கிடையாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை பிடிபட்டால் 10 இலட்சம் ரூபாய் வரைக்கும் தண்டம் விதிக்கலாம். நியாயம்தான். வாங்குகிறவனை ஏமாற்றினால் முறையிட இடம் இருக்கிறது. செய்கிறவனுக்கு? அவனுக்கும் அதே 19-ஆவது பிரிவில் சங்கம் அமைக்கும் உரிமை எழுதியிருக்கிறது. ஆனால் வேலைநிறுத்தம் செய்வது அந்த உரிமைக்குள் அடங்கிய அடிப்படை உரிமையன்று என்று வங்கி ஊழியர் வழக்கில் 1961-லேயே தீர்ப்பாகிவிட்டது. விளம்பரப் பலகை ஊரெல்லாம் கூவலாம். ஆலைவாயிலில் நின்று கூவுகிறவனைக் கோர்ட் தடுக்கலாம்!

தடுக்கவும் கேட்டார்கள். 2024 செப்டம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கிய சில நாட்களுக்குள், ஆலையைச் சுற்றி முழக்கமிடவும் பேசவும் தடை விதிக்க வேண்டுமென்று நிறுவனம் நீதிமன்றம் போயிற்று. பேச்சுக்கு அப்படி ஓர் அச்சம்! அரிஸ்டாட்டில் என்ற கிரேக்க அறிஞன் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவைத்தான்: பேசுகிறவன் கேட்கிறவனை வெல்லும் வழி மூன்று. பேசுகிறவனின் நல்ல பெயர், கேட்கிறவனின் உள்ளக் கிளர்ச்சி, சொல்லும் செய்தியிலுள்ள நியாயம். நமக்கு இது கிரீஸிலிருந்து வர வேண்டியதில்லை. கண்ணகி பாண்டியன் அவையில் செய்ததும் இதுவே. கலைந்த கூந்தலும் கண்ணீரும் அவை கண்டது. ஆனால் வழக்கை வென்றது, சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்ற கேள்வி. உடைத்துக் காட்டினாள், முடிந்தது வழக்கு. அழுகையை மட்டும் நம்பியிருந்தால் வாயிற்காவலனோடு போயிருக்கும் கதை.

திருப்பெரும்புதூரில் பிறந்தவர் இராமானுசர். அவர் பக்தி நமக்கு உடன்பாடன்று; ஆனால் ஒருவர் காதில் மட்டும் ஓத வேண்டிய மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மேலேறி ஊருக்கெல்லாம் உரக்கச் சொன்னவர் என்ற கதைக்காகவே கலைஞர் தம் முதுமையில் அவரைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர் எழுதினார் என்று நான் எண்ணுவதுண்டு. அப்படி உரக்கச் சொன்னவர் பிறந்த மண்ணில்தான், ஆலைவாயிலில் ஒலிபெருக்கி கூடாதென்று வழக்கு!

இதுவும் புதிதன்று, தோழர்களே. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்கள். முன்னின்றவர்கள் செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு, திரு.வி.க., பி.பி.வாடியா ஆகியோர். 1920-இல் ஆலை முதலாளிகள் வாடியாமீது வழக்குப் போட்டார்கள். தொழிலாளிக்கு யோசனை சொல்லி ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. உயர்நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. மேடைப்பேச்சு என்ற வேண்டுகோள், கோர்ட் கணக்கில் சதியாயிற்று! அந்தத் தடையாணை கிளப்பிய கொதிப்பில்தான், சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்று என்.எம்.ஜோஷி 1921-இல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பெரம்பூர்த் தொழிலாளி பட்ட அடியில் பிறந்த சட்டம் என்று அதைச் சொன்னால் மிகையாகாது.

அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் 2024-இன் நடுவில் சுங்குவார்சத்திரத் தொழிலாளி பதிவாளரிடம் போனான். இங்கேதான் சட்டத்து அப்பீலின் சூட்சுமத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். கோபம் வந்தவனெல்லாம் மேல்முறையீடு செய்துவிட முடியாது. சட்டம் எந்த உத்தரவுக்கு எதிராக இடம் கொடுத்திருக்கிறதோ அதற்கு எதிராக மட்டுமே, கொடுத்த கெடுவுக்குள் மட்டுமே செய்யலாம். உரிமையியல் வழக்கின் தீர்ப்பானால் கீழுள்ள கோர்ட்டுக்கு 30 நாள், உயர்நீதிமன்றத்துக்கு 90 நாள் என்று கணக்கு. 1926 சட்டத்தின் 11-ஆம் பிரிவு என்ன சொல்லிற்று? பதிவாளர் பதிவு செய்ய மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம் என்றது. மறுத்தால்! மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, மேசைமேல் கோப்பு தூங்குகிறது என்றால்? எதிர்த்து முறையிட ஓர் உத்தரவே இல்லை. 'முடியாது' என்ற சொல்லைவிடக் கொடியது 'பார்க்கலாம்' என்ற சொல். முடியாது என்றால் ஏணி உண்டு; பார்க்கலாம் என்றால் ஏணியே இல்லை.

செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தனர். பந்தலிலே பறந்தது நம் கொடி அல்ல, சி.ஐ.டி.யு.வின் செங்கொடி. அதனால் என்ன? வயிறு எந்தக் கொடியையும் பார்ப்பதில்லை. அன்று ஆட்சியில் இருந்தது நம் கழகம். எனவே இந்த இடத்தில் எழுதுகோல் தயங்குகிறது. தயங்கினாலும் எழுதத்தான் வேண்டும். அமைச்சர்கள் தா.மோ.அன்பரசன், டி.ஆர்.பி.ராஜா, சி.வெ.கணேசன் மூவரும் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள், உண்மை. அக்டோபர் 7 அன்று, ஆலையில் ஒரு பகுதியினரோடு உடன்பாடு என்று அறிவிப்பு வந்தது: 2025 மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, 108 பேருந்து வழித்தடங்களுக்கும் குளிர்சாதன வசதி. அதுவும் உண்மை. அக்டோபர் 9 அன்று போராட்டப் பந்தல் அகற்றப்பட்டது, தொழிலாளர் பலர் கைதாயினர். அதுவும் உண்மைதான், தோழர்களே! பெயரைக் கேட்டவனுக்குக் குளிர்காற்றுக் கொடுத்தார்கள். வேண்டாமென்று சொல்லக்கூடிய பொருளா குளிர்காற்று? வெயிலில் நிற்கிறவனுக்கு வேண்டியதுதான். ஆனால் அது விளம்பரக்காரனின் முறை. கேட்டதை விட்டுவிட்டு, கண்ணுக்கு இதமானதைக் காட்டுவது.

37 நாளுக்குப் பின், அக்டோபர் 15 அன்று அரசின் முயற்சியால் உடன்பாடு கண்டு வேலைநிறுத்தம் முடிந்தது. பழிவாங்கல் கூடாது என்பது உடன்பாட்டில் இருந்தது. பெயர் மட்டும் கோர்ட்டில் நின்றது.

பெயரிலே என்ன இருக்கிறது, வேறு பெயர் வைத்துக்கொண்டால் போகிறது என்று அன்று நம் நண்பர்களிலேயே சிலர் சொன்னார்கள். சங்கம் வேண்டாமென்று நிறுவனம் சொல்லவில்லை, வணிகமுத்திரையான பெயரைத்தானே வேண்டாமென்கிறது என்பது அவர்கள் வாதம். சட்டத்தைப் பிரித்துப் பார்ப்போம். 1926 சட்டத்தின் 7-ஆம் பிரிவில், பெயரை மாற்று என்று பதிவாளர் சொல்லக்கூடிய இடம் ஒன்று இருந்தது. ஏற்கெனவே இருக்கும் இன்னொரு தொழிற்சங்கத்தின் பெயரைப்போல இருந்து, மக்களையோ உறுப்பினரையோ ஏமாற்றுமானால் மாற்றச் சொல்லலாம். இன்னொரு தொழிற்சங்கத்தின் பெயர்! கம்பெனியின் பெயரைப் பற்றி அங்கே பேச்சில்லை. வணிகமுத்திரை எதற்கு? கடையில் வாங்குகிறவன் போலியைக் கண்டு ஏமாறாதிருக்க. சங்கம் குளிர்பதனப் பெட்டியா விற்கப்போகிறது? சந்தா இரசீதைப் பார்த்து எவனாவது சலவை இயந்திரம் என்று மயங்குவானா?

பக்கத்தில் ஒரகடத்திலே 'இந்தியா யமஹா மோட்டார் தொழிலாளர் சங்கம்' இருக்கிறது. 2018-இல் வேலைநிறுத்தமும் நடத்தியது. அந்தப் பெயரால் ஒரு மோட்டார்சைக்கிளும் விற்காமல் போகவில்லை. கொரியாவிலேயே தேசிய சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் சங்கம் என்று அதே பெயரோடு சங்கம் இருக்கிறது; 2024 ஜூலையில், அந்த நிறுவனத்தின் வரலாற்றில் முதல் வேலைநிறுத்தத்தை நடத்தியது அதுதான். நிறுவனத்தின் தலைமகன் லீ ஜே-யோங் 2020 மே மாதம் நாட்டு மக்கள்முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு, சங்கமில்லா நிர்வாகம் என்ற பேச்சு இனி எழாது என்று உறுதி சொன்னார். கொரியாவில் இனிக்கும் பெயர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏன் கசக்க வேண்டும்?

காரணம் இருக்கிறது. 2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். அதே சுங்குவார்சத்திரம், கைபேசி செய்யும் பாக்ஸ்கான் ஆலை, விடுதியில் தங்கிய பெண்கள். விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்கள் பெயரில் மனுக்கொடுக்கச் சங்கம் இல்லை. நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். பதிவு பெறாத, பெயரில்லாத குரல்! அதற்கு எங்கிருந்து பதில் வந்தது தெரியுமா? ஆப்பிள் என்ற பெயருக்குரிய கம்பெனியிலிருந்து. ஆலையை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்திருப்பதாக அது அறிவித்தது. மூடிய ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. விடுதியின் சோற்றுப் பானையும், கண்ணாடிக் கடையில் மின்னும் கைபேசியும் ஒரே செய்தியில் வந்துவிட்டன அல்லவா? விளம்பரத்துக்குச் செலவிட்ட கோடிகள் ஒரே இரவில் கறைபட்டன. தொழிலாளியின் முறையீட்டோடு தன் பெயர் சேர்ந்து ஒலிக்குமோ என்ற அச்சம் கம்பெனிக்கு உண்டு. ஏனென்றால் அதன் சொத்தில் பெரும்பங்கு அந்தப் பெயரே. தொழிலாளியும் அதை அறிந்துதான் கேட்டான்.

பெயரின் அருமையை நமக்கா சொல்லிக்கொடுக்க வேண்டும்? விருதுநகர் சங்கரலிங்கனார் 1956-ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார். கோரிக்கைகளில் தலையாயது சென்னை மாகாணத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர். பெயர்தானே என்றார்கள் அன்றும்! 76-ஆம் நாள் நிலைமை முற்றி, அக்டோபர் 13 அன்று அந்த உயிர் பிரிந்தது. 1967 ஜூலை 18 அன்று அண்ணா சட்டமன்றத்தில் பெயர்மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றினார். 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு ஆயிற்று. ஒரு பெயருக்காகப் பதினொரு ஆண்டு மேடைமேடையாய் முழங்கிய இயக்கம், ஒரு பெயரை எழுதித்தர ஏறத்தாழ ஏழு மாதம் எடுத்துக்கொண்ட அரசுக்குச் சொந்தமாயிற்றே என்பதுதான் என் நெஞ்சைக் குடைகிற முள். முதலீடு ஓடிவிடும் என்பார்கள். ஹுண்டாயும் யமஹாவும் சங்கம் வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடவில்லை. நம் அரசுக்குக் கேட்கும் காது இல்லாமலும் இல்லை. 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தபோது, மூன்று நாளில் நிறுத்திவைத்து, மே நாளன்று திரும்பப் பெற்றதாக முதல்வர் ஸ்டாலின் அறிவிக்கவில்லையா? அந்தக் காது 2024-இல் சற்று மந்தமாயிற்று.

மேல்முறையீட்டுக்கு ஏணி இல்லாதபோது தொழிலாளி வேறொரு வாசலைத் தட்டினான். அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவு, நீதிப்பேராணை. கடமையைச் செய்யாத அதிகாரியைச் செய்யச் சொல்லும் ஆணை. இதுதான் இன்றைய ஆராய்ச்சி மணி. 2024 டிசம்பர் 5 அன்று, ஆறு வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று பதிவாளருக்கு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவாயிற்று. அதே பெயரில்! அதன் பிறகும் அமைதி உடனே வந்துவிடவில்லை. பிப்ரவரியில் தற்காலிக நீக்கம், மறுபடி உள்ளிருப்புப் போராட்டம் என்று நடந்தது. மே மாதத்தில் ஊதிய உடன்பாடு கையெழுத்தாயிற்று.

இப்போது 1926 சட்டம் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2020 நடப்பில் இருக்கிறது. பதிவுக்கு ஏழு பேர் விண்ணப்பித்தால் போதும். ஆனால் ஆலைத் தொழிலாளரில் பத்தில் ஒருவர் அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அத்தனை உறுப்பினர் இருக்க வேண்டும். மறுத்தால் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு. முன்பு பொதுப்பயன்பாட்டுத் தொழில்களுக்கு மட்டும் இருந்த 14 நாள் வேலைநிறுத்த முன்னறிவிப்பு இப்போது எல்லா ஆலைக்கும் வந்துவிட்டது. அறிவிக்காமல் வெளியே வந்தால் சட்டவிரோதம் என்பார்கள். முன்கோபத்தில் அந்தக் கண்ணியில் காலை விடாதீர்கள்.

வல்லத்திலும் ஒரகடத்திலும் வாடகை அறைகளில் உட்கார்ந்து, ஓய்வுநேரத்தில் சங்க விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. மனுவை நீட்டியதும் திரும்பிவிடாதே, தம்பி. தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை வாங்கு. ஒரு மாதம் அசைவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டப்படி கோப்பு எங்கே இருக்கிறது என்று எழுதிக் கேள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். மறுப்பு வந்தால் மறுப்பின் நகலை வாங்கிக்கொண்டு தீர்ப்பாயத்துக்குப் போ. மறுப்பும் வரவில்லையென்றால் அந்த ஒப்புகைச் சீட்டோடு உயர்நீதிமன்றத்துக்கு வா. சிலையிருக்கும் வளாகம் அதுதான். உயர்நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்.